வெளியே ஒரு வெயில், உள்ளே ஒரு வெயில்: எம்.ரெட்டியபட்டியில் ஐந்து நாள்கள்

தென்மாவட்டங்களில் ரெட்டியபட்டிகள் பல உண்டு. அதனால்தான் எங்கள் பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர், பெயருக்கு முன்னால் 'எம்' என்ற எழுத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் "ரெட்டியபட்டி போகுமா?" என்று கேட்டால், கண்டக்டர் "எம்மா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறச் சொல்வார். புதிதாக வருகிறவர்கள், தங்களைத்தான் 'ஏம்மா' என்று கூப்பிடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையின் சத்தமெல்லாம் அருப்புக்கோட்டையோடு சரி. அங்கிருந்து கிளை பிரிந்து உள்ளே போகப் போக, இரண்டு பக்கமும் கரிசல் விரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமுமாகப் பச்சையாகத் தெரியும். நான் போனது சித்திரைக் கடைசி. மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகும்போல இருந்தது. அறுத்துப்போட்ட பருத்திமார் வரப்போரம் குவிந்துகிடக்க, கண்மாய்க்குள் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம். தூரத்தில் எங்கோ கரிமூட்டம் போட்ட புகை. இந்தப் பக்கம் வயல் என்ற சொல்லைக் கேட்பது அபூர்வம். எல்லாமே காடுதான். "காட்டுக்குப் போயிருக்காக" என்றால், ஆள் மிளகாய் பறிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. அக்னி நட்சத்திரம் மே 4-ல் ஆரம்பிக்கும் என்பது காலண்டர் கணக்கு. இங்கே பங்குனியிலேயே பகல் 11 மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடக்காது. விடிவதற்கு முன்பே எழுந்து, 10 மணிக்குள் காட்டு வேலையை முடித்துவிட்டு, வேப்பமரத்து நிழலில் ஒதுங்கி, மறுபடி 4 மணிக்கு மேல் வெளியே வருவது என்று ஊரே ஒரு நேரக்கணக்கு வைத்திருக்கிறது. பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்புவார்கள். வெயிலோடு சண்டை போடுவதில்லை. அதற்கு வழிவிட்டு வாழப் பழகியவர்கள்.

பெரியம்மாவும் அப்படித்தான். 56 வயது. பெரியப்பா போய் 8 வருடங்கள் ஆகின்றன. மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, இரண்டு ஆடு. மூன்று வருடங்களுக்கு முன்பு இடது மார்பில் கட்டி என்று தெரிந்து, மதுரையில் ஆபரேஷன், அதன் பிறகு கீமோ, அதற்கும் பிறகு ஊர்ப்பேச்சில் 'கரன்ட் வைக்கிறது' என்று சொல்லப்படும் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து முடியும் வளர்ந்துவிட்டது. ஊரைப் பொறுத்தவரை பெரியம்மாவுக்கு 'குணமாகிவிட்டது'. தினமும் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை மட்டும் பாக்கி. லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், ஐந்து வருடத்துக்கு.

அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"வெயிலுதான், வேற என்ன?"

நான் போய் இறங்கிய அன்று சாயங்காலம். வாசல் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நடுவே பெரியம்மா திடீரென்று பேச்சை நிறுத்தினார். முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. முந்தானையால் விசிறிக்கொண்டே, தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிடம் இருக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பேச்சைத் தொடர்ந்தார். "இந்த வருசம் வெயில் ரொம்பத்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெளிநாட்டில் ஒரு பெண் குளிர்காலத்தில், ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி வேர்த்தால் நாலு பேர் என்னாச்சு என்று கேட்பார்கள். எம்.ரெட்டியபட்டியில் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. 'ஹாட் ஃப்ளாஷ்' என்று டாக்டர்கள் சொல்லும் அந்த அனல் அலை, இந்த ஊர் வெயிலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் போவதும், முழங்கால் பிடிப்பதும் அப்படியே. "காட்டு வேலை செய்யிற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்", "வயசாகுதுல்ல" என்ற இரண்டு பதில்களுக்குள் அவையும் ஒளிந்துவிடுகின்றன. கீமோவில் முடி கொட்டியபோது ஊரே வந்து பார்த்தது. இதைப் பார்க்க யாரும் வருவதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"வெயில்ல வர்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன பாப்பா? வெயிலு வெளிய இருந்து உள்ள வரும். இது அடிவயித்துல கெளம்பி, நெஞ்சு வழியா தலைக்கு ஏறும். வேர்த்து முடிஞ்சதும் வெடவெடன்னு குளுரும். வெயில்ல எவளுக்காவது குளுருமா?"

இவ்வளவு துல்லியமாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மூளையில் உடல் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது ரோஷக்காரனைப்போல ஆகிவிடுகிறது. சூடு இம்மி கூடினாலும் 'உடம்பு கொதிக்கிறது' என்று நினைத்து, ரத்தக்குழாய்களை விரித்து, வேர்வையைக் கொட்டவிடுகிறது. அதனால் சூடு தேவைக்கு மேல் இறங்கிவிட, அடுத்து குளிர்கிறது. மெனோபாஸ் நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் வரக்கூடியதுதான். ஆனால், அங்கே ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்கும். இங்கே மாத்திரை அதைத் திடுதிப்பென்று இறக்கிவிடுகிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒன்றல்ல. சில கட்டிகளின் செல்களில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் 'பூட்டு' ஒன்று இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்னும் சாவி அதில் விழுந்தால் செல் வளரும். ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதித்து 'ஈ.ஆர் பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், அது இந்த வகை. கட்டியை எடுத்த பிறகும் எங்காவது ஒன்றிரண்டு செல்கள் ஒளிந்திருக்கலாம் என்பதால், அவற்றுக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் ஹார்மோன் சிகிச்சை.

அதற்கு இரண்டு வழிகள். டாமாக்ஸிஃபென், பூட்டுக்குள் தான் போய் உட்கார்ந்துகொண்டு சாவியை நுழையவிடாது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றும் சாவி செய்யும் பட்டறையையே மூடுபவை. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகும். அதையும் கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்கு இவை குறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜனை நம்பியிருந்த எலும்பும் மூட்டும் இதனால்தான் முனகுகின்றன.

டாமாக்ஸிஃபெனின் பிறப்பே ஒரு சுவாரஸ்யம். 1962-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் அதை உருவாக்கினார். அவர்கள் தேடியது கருத்தடை மாத்திரையை. பெண்களிடம் அது கருத்தடையாக வேலை செய்யவில்லை. 1971-ல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் என்ற பெண் டாக்டரும் குழுவினரும், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அது பலன் தருவதைப் பதிவுசெய்தார்கள். அதற்கு முன்பிருந்த ஹார்மோன் மருந்துகளைவிடத் தொல்லை குறைவு என்பதைத்தான் அன்று அதன் பெரிய பலமாகச் சொன்னார்கள். இப்போது 5 வருடம் டாமாக்ஸிஃபென் சாப்பிடுவது, ஈ.ஆர் பாசிட்டிவ் பெண்களில் இந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு.

ஆக, 'தொல்லை குறைவு' என்பது பொய்யில்லை. கீமோவோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால், கீமோ சில மாதங்களில் முடிந்துவிடும். இது 1,800-க்கும் மேற்பட்ட நாள்கள். சின்னக் கல்தான், ஆனால் செருப்புக்குள் கிடந்து கூடவே நடக்கிறது.

டப்பாவில் இருந்த கணக்கு

இரண்டாம் நாள் பெரியம்மா காட்டுக்குப் போயிருந்தபோது, அலமாரியில் தைலம் தேடினேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் மாத்திரை அட்டைகள். சர்க்கரை மாத்திரை ஒழுங்காகக் காலியாகியிருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரை அது. மஞ்சள் மாத்திரை அட்டைகளை எண்ணினால் கணக்கு இடித்தது. தேதிப்படி ஓர் அட்டைக்கு மேல் மிச்சமிருக்கக் கூடாது. நான்கு இருந்தன.

பெரியம்மா திரும்பி வந்து, முகம் கழுவி, நீராகாரம் குடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். கோபப்படவில்லை. மறைக்கவும் இல்லை.

"வேலை இருக்குற நாள்ல போடுறதில்ல. போட்டா கை மடங்க மாட்டேங்குது. விடியக்காலம் வத்தப்பழம் பறிக்கப் போனா, காம்பைக் கிள்ளக்கூட விரலு ஒத்துழைக்கலைன்னா எப்பிடி? சும்மா இருக்குற நாளாப் பாத்துப் போட்டுக்கிருவேன். நின்னுபோச்சா என்ன? போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

தலைவலி மாத்திரை அப்படித்தானே? தேவையான அன்று போடுகிறோம். பெரியம்மாவின் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முதலில் எனக்கே வழி தெரியவில்லை. ஆனால், லெட்ரோசோல் ஒருநாள் விட்டால் உடம்பைவிட்டுப் போய்விடும் மருந்தல்ல. பாதி குறையவே சுமார் இரண்டு நாள்கள் ஆகும். அதனால், இன்று விட்டால் நாளை காலை விரல் மடங்கிவிடாது, வலி அப்படியேதான் இருக்கும். ஆனால், மாதத்தில் பாதி நாள் விட்டால், அந்த மருந்து தர வேண்டிய பாதுகாப்பு மட்டும் சன்னமாகிக்கொண்டே போகும். பலனும் முழுசாக இல்லை, தொல்லையும் போகவில்லை என்ற நிலை.

பெரியம்மா மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. சொன்ன காலம் முழுக்கச் சொன்னபடி மாத்திரையை எடுத்தவர்கள் பாதிப் பேர்தான். படிப்பும் இன்ஷூரன்ஸும் உள்ள ஊரிலேயே அப்படி. 'படிக்காதவங்க, சொன்னா கேட்க மாட்டாங்க' என்று இந்த ஊர்ப் பெண்களைச் சொல்கிறவர்களுக்கு அந்தக் கணக்கைக் காட்டலாம்.

மதுரையில் கிடைத்த சிநேகிதி

மூன்றாம் நாள், பந்தல்குடிப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். கரன்ட் வைத்த வாரங்களில் மதுரையில் பழக்கமானவர். 41 வயது, மில் வேலை. அவருக்கு டாமாக்ஸிஃபென். இரண்டு பேரும் சந்தித்தால் பேச்சு மாத்திரையில் ஆரம்பித்து மாத்திரையில்தான் முடிகிறது. எத்தனை தடவை வேர்த்தது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது என்று சந்தைவிலை பேசுவதுபோலப் பேசினார்கள். இடையிடையே சிரிப்பு வேறு. ஐந்து நாள்களில் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பெரியம்மா அடுப்படிக்குப் போன நேரத்தில் அந்த அக்கா குரலைத் தாழ்த்தினார். மாதவிடாய் முறைதவறிவிட்டது. வெள்ளைப்படுகிறது. சில நேரம் அதற்கு நேர்மாறாக வறட்சி, எரிச்சல். வீட்டுக்காரரிடம் சொல்லச் சங்கடம், விலகிப் படுத்தால் அவருக்கு வருத்தம். "டாக்டர்கிட்ட சொல்லலாம்னு போவேன் பாப்பா. ரூமுக்குள்ள நாலு பேரு நிப்பாக. 'வேற தொந்தரவு இருக்கா'ம்பாக. இல்லைன்னுட்டு வந்துருவேன்."

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பெயர் வேண்டாம், எழுது என்றார். ஆகவே, வெளிப்படையாகவே எழுதுகிறேன். பிறப்புறுப்பு வறட்சி இந்த மாத்திரைகளின் தெரிந்த பக்கவிளைவு. ஹார்மோன் கலக்காத, நீர் சார்ந்த ஜெல்களும் மாய்ஸ்சரைஸர்களும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. கவுன்ட்டரில் ஆண் நிற்கிறாரே என்றால், டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு நீட்டினால் போதும். ஈஸ்ட்ரோஜன் கலந்த க்ரீம்களை மட்டும் நாமாக வாங்கிப் பூசக் கூடாது. இன்னொன்று, டாமாக்ஸிஃபென் சாப்பிடும்போது மாதவிடாய் தள்ளிப்போனாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. அது குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால் காப்பர்-டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத பாதுகாப்பு அவசியம். அந்த அக்காவுக்கு இது புதுச்செய்தியாக இருந்தது.

பொறுத்துக்கொள்ளக் கூடாத சிலவும் உண்டு. டாமாக்ஸிஃபென் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும். மிகச் சிலருக்கு, அதிலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அது கர்ப்பப்பைப் புற்றுநோயாகவும் மாறலாம். மாதவிடாய் நின்றவருக்கு ஒரு துளி ரத்தம் பட்டாலும், நிற்காதவருக்கு வழக்கத்தை மீறிய உதிரப்போக்கு இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108. மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ வேறு டாக்டரிடம் போனால், டாமாக்ஸிஃபென் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். ஃப்ளூவாக்ஸெடின், பேராக்ஸெடின் ஆகிய இரண்டு மாத்திரைகளும் டாமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. சூட்டுக்கு நல்லது என்று யாரோ கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடிக்கும் இதே எச்சரிக்கைதான். ஈஸ்ட்ரோஜனைப்போல வேலை செய்யும் பொருள்கள் அதில் இருப்பதாகச் சொல்லப்படுவதால், கேட்காமல் தொடாமல் இருப்பதே நல்லது.

திருச்சுழி வழியாக

அன்று சாயங்காலம் மூவரும் திருச்சுழிக்குப் போனோம். திருமேனிநாதர் கோயில், ஓரமாகக் குண்டாறு. ஆறு என்று சொன்னாலும் இந்த மாதத்தில் அது மணலும் முள்ளும்தான். கோயிலை ஒட்டிய தெருவில் ரமண மகரிஷி பிறந்த வீடு இருக்கிறது. 1879 டிசம்பர் 30-ல் இங்கே பிறந்து, திருவண்ணாமலைக்குப் போனவர். கடைசிக் காலத்தில் அவருக்கு இடது கையில் வந்ததும் புற்றுநோய்க் கட்டிதான். 1949-ல் பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் திரும்பத் திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14-ல் காலமானார். வலியை அவர் எடுத்துக்கொண்ட விதத்தை இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள்.

பெருமைதான். ஆனால், ஒரு மகரிஷியிடம் பார்த்த பொறுமையை, விடியற்காலை மிளகாய் பறிக்கப் போகிற பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அந்த வீட்டு வாசலில் நின்றபோது எனக்குத் தோன்றியது. 'பொறுத்துக்கோ' என்று இவர்களிடம் எல்லாரும் சொல்கிறோம். பொறுக்க முடியாதபோது இவர்கள் சத்தம் போடாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

கண்மாய்க்கரை நடை

அதற்காக வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாம் எல்லாருக்கும் பலிக்காது, அவ்வளவுதான்.

மூட்டுவலியைக் குறைக்க இன்றுவரை நல்ல ஆதாரம் உள்ளவற்றில் ஒன்று உடற்பயிற்சி. அமெரிக்காவில் இதே வகை மாத்திரையால் மூட்டுவலி வந்த 121 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி என்று ஒரு வருடம் செய்தவர்களின் வலி 29% குறைந்தது. வழக்கம்போல இருந்தவர்களுக்குக் குறையவில்லை. பெரியம்மாவிடம் சொன்னதும் சிரித்தார். "நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றவளுக்கு எக்சர்சைஸாம்!"

நியாயமான கேள்வி. ஆனால், மிளகாய் பறிப்பதும் களை எடுப்பதும் ஒரே நிலையில் மணிக்கணக்கில் குனிந்து நிற்கும் வேலைகள். இடுப்பும் விரலும்தான் தேய்கின்றன. கையை வீசி நடப்பது வேறு. நான்காம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேரும் கண்மாய்க்கரையில் நடந்தோம். முதல் பத்து நிமிடம் நொண்டினார். ஊருணிப் பக்கம் திரும்பியபோது என்னைவிட வேகமாகப் போனார். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரல்களை மூடி மூடித் திறந்தார். அதன் பிறகுதான் வேலை. எடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு. ஆபரேஷன் நடந்த பக்கக் கையில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அனல் அலைக்கு ஒரு சின்ன உபாயம், தினசரிக் காலண்டர். வேர்க்கிற நேரத்தை அந்தந்தத் தாளில் குறிக்கச் சொன்னேன். மூன்றே நாளில் ஒரு வடிவம் தெரிந்தது. காலை கொதிக்கக் கொதிக்க டீ குடித்த பிறகு ஒன்று, சாயங்காலம் விறகடுப்பு முன்னால் ஒன்று, ராத்திரி இரண்டு. டீயை ஆற்றிக் குடிப்பது, சாயங்காலச் சமையலை வெயில் தாழும் முன்பே காற்றோட்டமாக முற்றத்தில் முடிப்பது என்று பெரியம்மாவே மாற்றிக்கொண்டார். ராத்திரிக்கு மொட்டைமாடி, துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் சேலை, தலைமாட்டில் மண்பானைத் தண்ணீரும் ஒரு ஈரத்துண்டும். பாலியஸ்டர் சேலை வேண்டவே வேண்டாம். நெசவுக்குப் பெயர்போன அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாலியஸ்டர் உடுத்துவது எனக்கு எப்போதுமே புரியாத விஷயம்.

எலும்பு விஷயம் கண்ணுக்குத் தெரியாது, உடைந்தால்தான் தெரியும். லெட்ரோசோல் வகை மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதால், 'டெக்ஸா' என்ற ஸ்கேனை ஆரம்பத்திலும் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் எடுக்க வேண்டும். உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. கரிசல்காட்டுக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் சத்துதான், ஆனால் கால்சியத்தில் கேப்பைக்குப் பக்கத்தில் வர முடியாது. 100 கிராம் கேப்பையில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேப்பைக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, மோர் என்று எல்லாமே வீட்டில் இருப்பவைதான். வைட்டமின்-டி-தான் வேடிக்கை. இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் அது குறையுமா என்று தோன்றும். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டு மூடிக்கொண்டு போனால் தோலில் வெயில் எங்கே படும்? ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவுக்கு எடுத்துக்கொள்வதே சரி.

மதுரை

ஐந்தாம் நாள் மதுரைக்குப் போனோம். அருப்புக்கோட்டை போய் பஸ் மாறி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்க்கும்போது மணி 12. போகும் வழியெல்லாம் பெரியம்மாவுக்கு ஒரே கவலை. "மாத்திரையை விட்டதைச் சொன்னா திட்டுவாகளோ?"

பிஸ்கட் டப்பாவையும் காலண்டர் தாள்களையும் மேஜையில் வைத்தோம். டாக்டரம்மா திட்டவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். விட்ட மாத்திரைகளைச் சேர்த்துப் போட வேண்டாம், இன்றிலிருந்து தினமும் ஒன்று என்றார். காலையில் போடுவதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிப் பார்க்கச் சொன்னார். சிலருக்கு அது ஒத்துவருமாம். நடையைத் தொடரச் சொல்லி, டெக்ஸாவுக்கும் வைட்டமின்-டி பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். அனல் அலை தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குத் தொடர்ந்தால் அதற்கென்றே ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, பார்க்கலாம் என்றார். மூட்டுவலி இரண்டு மூன்று மாதத்தில் அடங்காவிட்டால், இதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது உண்டு, அதுவும் முடியாவிட்டால் டாமாக்ஸிஃபென் இருக்கிறது என்றார்.

பெரியம்மா வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி: "இம்புட்டு வழி இருக்கா? நான் இதுதான் கதின்னுல்ல நெனச்சேன்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். காரியாபட்டி தாண்டும்வரைகூட முழித்திருக்கவில்லை. ஊர் வந்து இறங்கியதும், பந்தல்குடி அக்காவுக்கு போன் போட்டு, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது தானும் கூட வருவதாகச் சொன்னார். "நாலு பேரு நின்னா நிக்கட்டும், நான் வெளிய போகச் சொல்றேன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

அடுத்த செக்கப் ஆடி மாதம். அதற்குள் கோடை மழை ஒன்று பெய்தால் காட்டை உழுது போட்டுவிடலாம், டிராக்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று பெரியம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்குமா என்பது அப்போது தெரியும். சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்திலேயே இப்போது மஞ்சள் அட்டையும் இருக்கிறது.